காலியாகப் போகும் சீட்டுகள்

தீம் பார்க்கில் வேலை என்று சொன்னதும் யாரும் முதலில் கேட்பது, "எந்த நாள் போனா கூட்டம் இருக்காது?" என்பதுதான். பள்ளிக்கூடம் திறந்த வாரம், செவ்வாய் புதன் என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிடுவேன். பதில் சரிதான். ஆனால் உள்ளே நின்று பார்த்தவனுக்கு அது பாதி பதில் என்று தெரியும். நுழைவாயிலில் ஒரே எண்ணிக்கை பதிவான இரண்டு நாட்களில், ஒரு நாள் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வெளியேறுவார்கள். இன்னொரு நாள் புகார் மேசைக்கு முன்னால் தனியாக ஒரு வரிசை நிற்கும். வந்தவர்கள் எண்ணிக்கை மாறியிருக்காது. ரைடுகள் ஓடிய விதம் மாறியிருக்கும்.

முதலில் நான் ரோலர் கோஸ்டர் பிளாட்பாரத்தில் ஆபரேட்டராக நின்றேன். அப்புறம் பூங்கா முழுவதும் கூட்டம் எங்கே சேர்கிறது, எங்கே கலைகிறது என்று பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நெரிசலில் பெரும்பகுதி கேட் வழியாக உள்ளே வருவதில்லை. காலியாகக் கிளம்பிப் போகும் சீட்டுகளால் உள்ளேயே உண்டாகிறது.

கணக்கு எளிது. ஒரு ரயிலில் 24 சீட், நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் உள்ள இடைவெளியை நாங்கள் டிஸ்பாட்ச் நேரம் என்போம். அது 60 விநாடியிலிருந்து 75 விநாடி ஆகிவிட்டால் மணிக்கு 1,152 பேர்தான். மீதி 288 பேர் எங்கும் போய்விடுவதில்லை, வரிசையிலேயே நிற்கிறார்கள். உங்களுக்கு முன்னால் 1,000 பேர் இருந்தால் 42 நிமிடத்தில் ஏற வேண்டிய நீங்கள் 52 நிமிடம் நிற்கிறீர்கள். வெறும் 15 விநாடி. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அது தாமதமாகவே தெரியாது. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் போய்விடும்.

வரிசைகளைப் பற்றிய படிப்பில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் அதற்கு நிரூபணம் வெளியிட்டார். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, ஆட்கள் வந்து சேரும் வேகத்தை அவர்கள் உள்ளே செலவிடும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பொருந்துகிற விதி, ரோலர் கோஸ்டருக்கும் அப்படியே பொருந்தும். இது தெரிந்த பிறகு வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பதறுவதை விட்டுவிட்டு, ரயில் கிளம்பும் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தேன். சத்தம் சீராக வந்தால் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் பயமில்லை.

அந்த 15 விநாடி எங்கே போகிறது என்று பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கதவு திறந்த பிறகுதான் "நீ முன்னாடி உட்காரு, நான் பின்னாடி" என்று பேச்சு தொடங்கும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, தடுப்புக் கம்பியை இறக்கிய பிறகு பாக்கெட்டில் போன் இருப்பது நினைவுக்கு வந்து கம்பியைத் தூக்கச் சொல்வார். ஒருவருடைய கம்பியைத் தூக்க அந்த ரயிலில் எல்லாருடைய கம்பியையும் தூக்க வேண்டிய ரைடுகள் உண்டு. அப்போது 24 பேரையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். தொப்பி, கண்ணாடி, பை. பையை எதிர்ப்பக்கம் உள்ள தட்டில் வைக்கப் போனவர் திரும்பி வரும்போது தன் வரிசை எது என்று தேடுவார்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நேரத்தைச் சேமிக்கும் இடம் பாதுகாப்புச் சோதனை அல்ல. கம்பியைக் கையால் இழுத்துப் பார்ப்பது, பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது, இரு பக்கத்திலிருந்தும் கட்டைவிரல் உயர்ந்த பிறகே பொத்தானை அழுத்துவது, இவற்றில் ஒரு விநாடியைக்கூடக் குறைக்கச் சொல்லும் மேலாளரிடம் வேலை செய்யக் கூடாது. சேமிக்க வேண்டியது அதற்கு முன்னால். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே பை கைமாறியிருக்க வேண்டும், போன் உள்ளே போயிருக்க வேண்டும், யார் எங்கே என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

எங்கள் ரைடில் மிகப் பெரிய இழப்பு உயரச் சோதனையில் நடந்துகொண்டிருந்தது. அளவுகோல் பிளாட்பாரத்தின் வாசலிலேயே இருந்தது, அதாவது வரிசையின் கடைசியில். ஒருநாள் ஒரு சிறுவன், அரை விரல் உயரம் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று வந்திருக்கிறான். குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், முடியைக் கோதி நிமிர்த்திப் பார்த்தான். அவனுடைய அம்மா, "அண்ணா, இவ்வளவு நேரம் நின்னுட்டான், கொஞ்சம் பாத்து விடுங்கண்ணா" என்றார். விட முடியாது. அப்பா குரலை உயர்த்தினார், அவனுக்கு அழுகை வந்துவிட்டது, சூப்பர்வைசர் வந்தார். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம் இருக்கும். நாலு நிமிடம் என்றால் நாலு ரயில், 96 சீட். வரிசையில் கடைசியில் நின்ற யாருக்கும் எதற்காக நாலு நிமிடம் கூடியது என்று தெரியாது. அந்தக் குடும்பத்துக்கு அன்றைய நாளே கசந்துபோயிருக்கும்.

பிறகு அளவுகோலை வரிசையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அளந்த குழந்தையின் கையில் நிறம் பார்த்து ஒரு பட்டை கட்டுவது, உயரம் போதாத குழந்தைக்கு "வளர்ந்ததும் வா" என்று ஓர் அட்டை கொடுப்பது என்று ஆரம்பித்தோம். பல பூங்காக்களில் இருக்கிற பழக்கம்தான், புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. ஆனால் தகராறு ஏறக்குறைய நின்றே போனது. பிளாட்பாரத்தில் இரண்டாவது முறை அளப்பதை மட்டும் விடவில்லை. பட்டையை அண்ணன் தம்பிக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டல்லவா!

அடுத்தது ஆட்களைச் சேர்த்து உட்கார வைப்பது. "எத்தனை பேர்?" என்று கேட்பவர்தான் பிளாட்பாரத்தில் மிக முக்கியமான ஆள் என்பேன். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள், அது எனக்குப் பிடிக்காத வழக்கம். இரண்டு இரண்டாக உட்காரும் ரயிலில் மூன்று பேர் குடும்பம் வந்தால் ஒரு சீட் காலி. ஐந்து பேர் வந்தாலும் ஒரு சீட் காலி. ஒவ்வொரு ரயிலிலும் மூன்று சீட் காலியாகப் போனால் மணிக்கு 180 பேர். நல்ல ஆள் மூன்றையும் ஐந்தையும் பார்த்தவுடன் மனதில் கோர்த்துவிடுவார். இதற்காகத்தான் தனியாக வருபவர்களுக்கென்று தனி வரிசை வைப்பது. காலிச் சீட் எங்கே விழுகிறதோ அங்கே அவர்களைச் செருகலாம். நண்பர்களோடு வந்தவர்கள் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் பொது வரிசையைவிடப் பெரும்பாலும் வெகு சீக்கிரம் ஏறிவிடலாம். "கத்தும்போது பக்கத்தில் யார் இருந்தால் என்ன?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். நியாயம்தான்.

இப்போது எல்லோருக்கும் எரிச்சல் தருகிற விரைவு வரிசைக்கு வருவோம். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அது இலவசம். கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டில் அச்சான நேரத்துக்குத் திரும்பி வந்தால் குறுகிய வரிசையில் விடுவார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் 2021-இல் அதன் இடத்துக்குக் கட்டணச் சேவை வந்தது. பெயர் பல மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: புதிதாக ஒரு சீட்கூட உண்டாவதில்லை, இருக்கிற சீட்டுகள் யாருக்கு முதலில் என்பது மட்டும் மாறுகிறது. மேலே சொன்ன 1,440-இல் 70 சதவீதத்தை விரைவு வரிசைக்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு மணிக்கு 432 சீட்தான். முன்னால் 1,000 பேர் நின்றால் 42 நிமிடம் என்பது இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

விரைவு வரிசையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கும், வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கும் வேறு வழி வேண்டும். காசு கொடுத்து நேரம் வாங்குவது எல்லாத் துறையிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு வரிசையும் சேரும் இடத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில் பாதி கோபம் அடங்கிவிடும். பொது வரிசையில் நிற்பவர் கண்ணெதிரே மற்றவர்கள் நடந்து போய் ஏறிக்கொண்டே இருந்தால் கோபம் பணம் கொடுத்தவர் மேல் வராது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஊழியர் மேல் வரும். சேருமிடத்தைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தால், இரு தரப்பிலிருந்தும் சின்னச் சின்னக் குழுவாக மாற்றி மாற்றி விட்டால், அதே காத்திருப்பு நேரத்திலும் முணுமுணுப்பு குறைகிறது.

காத்திருக்கும் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும், காரணம் சொல்லாதது, நியாயமில்லாதது எல்லாம் அதைவிட நீளம், இப்படிப் போகும் அவர் பட்டியல். என் அனுபவத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேரும்: கால் நகராமல் நிற்பது. 25 நிமிடம் ஒரே இடத்தில் நின்றுவிட்டு மொத்தமாக உள்ளே விடப்படும் காட்சி அரங்கில் வரும் புகார், 40 நிமிடம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில் வராது. டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் மாதிரியான ரைடுகளில் வண்டிகள் நிற்காமல் ஓடும் சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும், ஜனங்கள் நகரும் பட்டையில் நடந்தபடியே ஏறுவார்கள். வரிசை எப்போதும் நகர்கிறது. வேகத்தால் மிரட்டாத ரைடுதான், ஆனால் கூட்டத்தை விழுங்குவதில் பெரிய கோஸ்டர்கள் பல அதனிடம் தோற்கும்.

காத்திருப்பு நேரப் பலகையைப் பற்றி நிறையப் பேர் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம் நியாயமானதே. பல இடங்களில் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். 45 என்று போட்டு 35-இல் ஏற்றினால் ஜெயித்த மாதிரி சந்தோஷம், 30 என்று போட்டு 35 ஆனால் ஏமாற்றம். நின்ற நேரம் ஒன்றேதான். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஓர் அளவுக்குள் இருக்கும்வரை. பலகையில் 60 என்று பார்த்தவர் பக்கத்து ரைடுக்குப் போவார். அங்கே ஏற்கெனவே நெருக்கடி என்றால் நாமே அதைக் கூட்டிவிடுகிறோம். இந்த வேலையில் பலகை ஒரு போக்குவரத்து விளக்கு மாதிரி, பொய்யான நிறம் காட்டினால் அடுத்த சந்திப்பில் முட்டிக்கொள்ளும். நேரத்தை அளக்க எளிய பழைய வழி ஒன்று உண்டு. வரிசையில் புதிதாகச் சேரும் ஒருவர் கையில் நேரம் குறித்த அட்டையைக் கொடுத்து, பிளாட்பாரத்தில் வாங்கிக்கொள்வது. டிஸ்னியிலும் சிவப்பு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பியதுண்டு. சென்சாரும் செல்போன் ஆப்பும் வந்த பிறகும் எனக்கு அந்த அட்டை மேல்தான் நம்பிக்கை. குழந்தைகளிடம் கொடுத்தால் அதை ஒரு பதவியாக நினைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

ரைடு நடுவில் நின்றுபோகும்போதுதான் ஒரு பூங்காவின் தரம் தெரியும். கோஸ்டர் நிற்பது பெரும்பாலும் ஆபத்து அல்ல. ஒரு சென்சார் சந்தேகப்பட்டால்கூட ரயிலை நிறுத்தும்படிதான் அதை வடிவமைத்திருப்பார்கள். ஆனால் வரிசையில் நிற்பவருக்கு அது தெரியாது. மைக்கில் "சிறிது நேரத்தில் தொடங்கும்" என்று வரும். அந்த "சிறிது நேரம்" போல எரிச்சலூட்டும் சொல் இந்தத் தொழிலில் இல்லை. ஒரு மதியம் அப்படி அறிவித்துவிட்டு நின்றபோது பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி தடுப்புக்கு மேலே எட்டி என் சட்டையைத் தொட்டு, "தம்பி, நிக்கிறதா போறதா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு நான் இருந்த இடங்களில் அறிவிப்பை மூன்று வாக்கியமாக வைத்துக்கொண்டோம். என்ன ஆயிற்று என்று தெரிந்த அளவுக்கு ஒன்று: "ரயில் நிறுத்தப்பட்டிருக்கிறது, பொறியாளர்கள் சரிபார்க்கிறார்கள்." அடுத்த தகவல் எப்போது என்று இன்னொன்று: "பதினைந்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறோம்." போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது மூன்றாவது: "இப்போது கிளம்புகிறவர்கள் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டால் இன்றைக்குள் திரும்பி வந்து நேராக ஏறலாம்." பதினைந்து நிமிடத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் மைக்கைப் பிடித்து அதையே சொல்ல வேண்டும். இதைச் செய்தாலே பாதிப் பேர் தாங்களாகக் கலைந்துவிடுவார்கள். மீதிப் பேர் தெரிந்தே நிற்கிறார்கள், தெரிந்து நிற்பவர் சண்டை போடுவதில்லை.

நிற்க வைக்காமல் வரிசையை ஆப்புக்குள் கொண்டுபோகும் மெய்நிகர் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்லாண்டோவில் யுனிவர்சல் 2017-இல் திறந்த வோல்கனோ பே நீர்ப் பூங்காவில் கையில் ஒரு வளையம் கொடுப்பார்கள். ரைடு வாசலில் தட்டினால் உங்கள் முறை வரும்போது அது அழைக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வரிசை என்பது ஜனங்களை வைத்திருக்கும் இடமும்கூட. வளைந்து வளைந்து போகும் கம்பிகளுக்குள் 800 பேர் நிற்கிறார்கள் என்றால் அந்த 800 பேர் நடைபாதையில் இல்லை. எல்லோரையும் "மூன்று மணிக்கு வா" என்று வெளியே அனுப்பினால் அவர்கள் கடைவாசலிலும் பாலத்திலும் கழிப்பறை வாசலிலும் நிற்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் உட்கார நிழலும், பார்க்க ஒரு நிகழ்ச்சியும் போதுமான அளவு இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். மெய்நிகர் வரிசை போட்ட கையோடு நடைபாதை நெரிசலை எண்ண ஆள் போட வேண்டும் என்பது என் கட்சி.

நடைபாதை விஷயத்தில் விளையாடக் கூடாது. ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் 1970-களில் இருந்தே நடப்பவர்களின் அடர்த்தியை ஆராய்ந்து வகைப்படுத்தியவர். சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை நெருங்கினால் மனிதர் தன் விருப்பப்படி அசைய முடியாது, கூட்டம் ஒரே உடலாக அசையத் தொடங்கும். தீம் பார்க்கில் இந்த அபாயம் ரைடு வரிசையில் வருவது குறைவு. அணிவகுப்பு முடிந்த நிமிடம், வாணவேடிக்கை முடிந்த நிமிடம், திடீர் மழையில் எல்லோரும் ஒரே கூரைக்கு ஓடும் நிமிடம், இவைதான் வயிற்றைக் கலக்கும். எதிரெதிராக இரண்டு கூட்டம் ஒரு பாலத்தில் சந்திக்க விடவே கூடாது. அணிவகுப்பு முடிவதற்குக் கால் மணி முன்னாலேயே கயிறு கட்டி ஒருவழி ஆக்கிவிட வேண்டும். முடிந்த பிறகு கயிறு கட்டப் போனால் கயிற்றோடு நம்மையும் தள்ளிக்கொண்டு போவார்கள்.

கயிறு என்றதும் காலை நேரம் நினைவுக்கு வருகிறது. கேட் திறந்ததும் புது ரைடை நோக்கி ஓட்டம். ஓடாதீர்கள் என்று பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. ஐந்தாறு ஊழியர்கள் நீளமான கயிற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் மெதுவாக நடந்து போனால் ஆயிரம் பேரும் பின்னாலேயே நடந்து வருவார்கள். கையில் காசு செலவில்லாத உத்தி. நடுவில் நிற்பவர் மட்டும் பதற்றப்படாத ஆளாக இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடப்பவர் என்றால் இன்னும் நல்லது.

வருகை எண்ணிக்கையே பிரச்சினையாகும் நாட்களும் உண்டு. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் ஏற்பாடு. போலி டிக்கெட்டுகளோடு வந்து சேர்ந்தவர்களையும் கூட்டி 28 ஆயிரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் நிரம்பிக் கதவை மூடியபோது, செல்லுபடியாகும் டிக்கெட் கையில் இருந்தவர்களே வெளியே நின்றார்கள். சிலர் வேலியேறிக் குதித்தார்கள். காரணம், டிக்கெட்டில் தேதி இல்லை. ஆறு மாதத்துக்குள் எந்த நாளும் வரலாம் என்று விற்றிருந்தார்கள், சிறப்பு நாட்கள் என்று விலக்கிய பட்டியலோ சீனப் பெருநிலத்து விடுமுறைக் கூட்டத்துக்குப் போதவில்லை. தேதி போடாத டிக்கெட் விற்கும் எந்தப் பூங்காவும் தன் கூட்டத்தை ஆளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்பது வந்த பிறகுதான் அதற்குத் தெரியும்.

டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் எதிர்த்திசையில் போனது சுவாரசியமானது. 2018 நிதியாண்டில் அங்கே 3 கோடியே 25 லட்சம் பேர் வந்தார்கள், அதுதான் உச்சம். கொரோனாவுக்குப் பிறகு தினசரி வருகைக்கு வரம்பு வைத்து, நாளுக்கேற்ற டிக்கெட் விலைக்கு மாறினார்கள். 2023 நிதியாண்டில் வந்தவர்கள் சுமார் 2 கோடியே 75 லட்சம்தான், விற்பனை வருமானமோ அதுவரை இல்லாத உயரம். தலைக்கு அதிகம் வசூலித்துத்தான் இது நடந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. ஆனால் கேட்டில் தலைகளை எண்ணிப் பெருமைப்படுவது மட்டும்தான் வெற்றி என்ற பழைய கணக்கு அங்கே உடைந்துவிட்டது.

திருப்தி அளவெடுப்பைப் பற்றிக் கொஞ்சம். மாலையில் வெளியேறும்போது கேட்டால் ஜனங்கள் அன்றைய நாளின் சராசரியைச் சொல்வதில்லை. டேனியல் கானமன் போன்ற உளவியலாளர்கள் காட்டியபடி, உச்சத் தருணமும் முடிவும்தான் மனதில் தங்குகின்றன. அதனால் கடைசி ஒரு மணி நேரத்தில் களைத்துப்போன ஊழியர்களைக் கேட்டில் நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். முகம் மலர்ந்து பேசக்கூடியவர்களை அந்த நேரத்துக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் புகார்களில் நீள வரிசையைவிடக் கழிப்பறை, நிழல், உட்கார இடம், குடிதண்ணீர் இவைதான் அடிக்கடி வந்தன. கோஸ்டர் கட்டக் கிடைக்கும் பணத்தில் சிறு துளி பெஞ்சுக்குக் கிடைப்பதில்லை. பெஞ்சை விளம்பரத்தில் காட்ட முடியாதல்லவா!

போகிறவர்களுக்கு என்ன சொல்வது என்றால், திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். உள்ளே போனதும் பிரபலமான ரைடை விட்டுவிட்டுக் குறைவாக ஆள் ஏற்றும் ரைடைப் பிடிப்பது பல நேரம் புத்திசாலித்தனம். சின்னச் சின்ன விமானம் சுற்றும் குழந்தைகள் ரைடில் மணிக்குச் சில நூறு பேர்தான் ஏற முடியும், மதியம் அங்கே நிற்பது கொடுமை. புதிதாகத் திறந்த ரைடை முதல் வாரத்தில் தேடிப் போகாதீர்கள். யுனிவர்சல் ஆர்லாண்டோவில் ஹாக்ரிட் கோஸ்டர் 2019-இல் திறந்த அன்று காத்திருப்பு 10 மணி நேரத்தைத் தொட்டது. அணிவகுப்பு உங்களுக்கு முக்கியமில்லை என்றால் அந்த நேரத்தில் பெரிய ரைடுக்குப் போங்கள். மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரிசையில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலான பூங்காக்களில் உங்களை ஏற்றித்தான் அனுப்புவார்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே செருப்புப் போட்டும் கழற்றியும் அளந்துகொள்ளுங்கள். காலையில் உள்ளே நுழையும்போதே பிள்ளையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தொலைந்துபோனால் என்ன நிறச் சட்டை என்பது எந்தப் பெற்றோருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

மூடும் நேரத்தில் எல்லோரையும் ஒன்றாக வெளியே தள்ளாமல் வாசலருகே உள்ள கடைகளை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைப்பது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, நெரிசலைப் பிரிப்பதற்கும்தான். அப்படியும் வாகன நிறுத்தத்தில் வண்டியைத் தொலைத்தவர்கள் தினமும் வருவார்கள். எந்த வரிசை என்று கேட்டால் தெரியாது. "காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க சார்?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். எந்த வரிசை எந்த நேரத்தில் நிரம்பியது என்று காலையில் ஊழியர் ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும், ஒன்பதரைக்கு வந்தவருடைய வண்டி எந்த இரண்டு வரிசைக்குள் இருக்கும் என்று கையைக் காட்டிவிடலாம். அதே தாளை மறுநாள் காலை எங்கள் அறைக்கு எடுத்துவந்து, எத்தனை மணிக்கு எத்தனை கேட் திறப்பது என்று முடிவு செய்வோம்.